வித்தியாசம் இல்லை

வினிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்து நான்கு.
ரத்த மாதிரிகள் உறங்கும் பெட்டிக்குள் மைனஸ் எண்பது.
இரண்டுக்கும் நடுவே நான்,
குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்
கை கழுவிக்கொண்டிருந்தேன்,
தேவைக்கு மேலேயே.
கக்கத்தில் ஒப்புதல் படிவம், பதினோரு பக்கம்.

முன்கூட்டிக் கேட்க நேரமிருப்பதில்லை.
ரத்த அழுத்தம் சரிந்த ஐந்தாம் நிமிடம்
பை தொங்கியாக வேண்டும்.
'அ' என்றொரு பை, 'ஆ' என்றொரு பை,
இரண்டுக்கும் ஒரே நீல உறை.
இரண்டிலும் உப்பு நீர்தான்,
உப்பில்தான் சிறு பேதம்.
எத்தனையோ வருடமாக இரண்டையும் ஏற்றுகிறார்கள்.
எது மேல் என்று எவருக்கும் தெரியாது.
ஆகவே கணினி காசு சுண்டும்:
பூவா, தலையா.
ஏறி முடிந்தபின் பெற்றவர்களிடம் போய்
சொல்வதும் கேட்பதும் என் உத்தியோகம்.

மௌனம் சம்மதம் என்பார்கள் என் மொழியில்.
இங்கே அது செல்லாது.
பேனா வேண்டும், தேதி வேண்டும்.

தாம்ப்சனிலிருந்து ஆம்புலன்ஸ் விமானத்தில் வந்தவன் ஐசாயா.
ஆறு வயது. ரத்தமெல்லாம் கிருமி.
எங்கள் கணக்கில் நூற்று நாற்பத்தேழு.
நாற்காலிக்கடியில் அவன் பனிக்காலணி,
இடதும் வலதும் மாறி வைக்கப்பட்டு.
நாளை கேட்கலாம், அம்மா கொஞ்சம் தூங்கட்டும் என்று
அன்று திரும்பிவிட்டேன்.
விடிவதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள்.

அப்போதும் கேட்கத்தான் வேண்டும் என்கிறது விதி.
ஆறு வாரம் தள்ளி அழைத்தேன்.
டார்லீன் அழவில்லை. பின்னால் ஒரு நாய் குரைத்தது.
"எந்தப் பை?"
தெரியாது என்றேன்.
"டாக்டருக்கு?"
அவருக்கும் தெரியாது.
"தெரியும்போது சொல்வியா?"
சொல்வேன்.

தபாலில் படிவம் வந்தது.
எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து.
'பங்கேற்பாளர்' என்று வந்த இடமெல்லாம் அடித்து
ஐசாயா, ஐசாயா, ஐசாயா,
முப்பத்தொரு தடவை.
எண்ணினேன். ஏன் எண்ணினேன், தெரியவில்லை.

நான்கு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை
திரையில் இரண்டு கோடுகள்,
ஒன்றின் முதுகில் ஒன்றாய் ஒட்டிக்கொண்டு.
வித்தியாசம் இல்லை என்றார் புள்ளியியல்காரர்,
ஏதோ தானே உடைத்துவிட்டது போல.
யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
வாங்கி வைத்த கேக்கை
வெட்டலாமா கூடாதா என்று ஒரு தயக்கம்.
வெட்டினோம்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏழு தாள் கிழிந்தது.
சராசரி என்பது
ஒரு பிள்ளையைப் பற்றி வாய் திறக்காது,
எனக்குத் தெரியும்.
தெரிந்தும் வாகனத்தில் இருந்தபடியே அழைத்தேன்.

"ஆ," என்றேன். "அவனுக்கு ஏறியது ஆ."
"அப்ப அந்த இன்னொண்ணு?"
அதுவும் இதேதான். அதில் போனவர்களும்
இதே அளவு. பிழைத்தவர்களும்.
எந்த ஒரு பிள்ளைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால்
பையில் இல்லை, டார்லீன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
இந்த மௌனத்துக்கு என்ன பெயர் என்று
எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

"நாலு வருஷமா," என்றாள்,
"கண்ணை மூடினா அந்த இன்னொரு பைதான்
தொங்கிட்டே இருக்கும்."
பிறகு பள்ளிப் பேருந்தைக் கிளப்ப நேரமாகிவிட்டது என்றாள்.
இப்போது அவள்தான் ஓட்டுகிறாளாம்.
பிறகு, "அந்தப் பேப்பர் ரொம்பப் பெருசு.
குறைங்க," என்றாள்.

குறைக்கிறோம் என்றேன்.
அடுத்த ஆய்வுக்கு நான்கு பக்கம்தான்.
சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மெக்டெர்மட் தெருவின் சிவப்பு விளக்கில் ஒருவன்
கண்ணாடியைத் தட்டிப் பின்பக்கம் காட்டினான்.
இறங்கிப் பார்த்தால்,
குளிருக்காகச் சுவரில் செருகியிருந்த மின்கம்பி
பிய்ந்து, ஒரு முழம் நீளத்துக்கு,
பனியைக் கீறிக்கொண்டு கூடவே வந்திருக்கிறது.